பார்பரா லீ: ஒரு வாக்கும் இருபது ஆண்டுக் கேள்விகளும்

2001 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து விழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அன்று இரவு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் என்று அதிபர் யாரை முடிவு செய்கிறாரோ, அந்த நாடுகள், அமைப்புகள், ஆட்கள் எல்லார் மீதும் தேவையான படைபலத்தை அவர் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். ஆதரவாக 420 வாக்குகள். எதிராக 1. செனட்டில் அதே நாளில் 98-க்கு 0.

எதிராக விழுந்த அந்த ஒரு வாக்கு பார்பரா லீ என்ற கறுப்பினப் பெண்ணுடையது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து, பெர்க்லி பகுதிகளின் பிரதிநிதி. அந்த வாக்கைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். தனி ஒருத்தியின் துணிச்சல் என்று பகிரப்படும் படங்களைப் பார்த்திருப்போம். ஆனால் அந்த வாக்கோடு கதை முடிந்துவிடவில்லை. படை போகும் முன்னும், படை போன பிறகும், போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு என்ற பெயரில் பணம் கொட்டப்பட்டபோதும் சில பிரதிநிதிகளும் சில அதிகாரிகளும் தொடர்ந்து கேள்வி கேட்டார்கள். யாருடைய பணம்? யாருடைய பிள்ளைகள்? கான்ட்ராக்ட் யாருக்கு? இந்த மூன்று கேள்விகளின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

"நம்ம ஊர் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினையே தீரல, இதுல அமெரிக்கா எதுக்கு?" என்று தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். கட்டுரையின் இரண்டாம் பாதியில் அதற்கு வருவோம்.

எங்கிருந்து வந்தார்?

பார்பரா லீ 1946இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் பிறந்தார். பிரசவத்துக்குப் போன அவருடைய தாயை, கறுப்பினத்தவர் என்பதால் மருத்துவமனையில் முதலில் சேர்த்துக்கொள்ளவே மறுத்தார்கள் என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பா ராணுவ அதிகாரி, இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் பணியாற்றியவர். ஆகவே படை வீரர்கள் மீது வெறுப்புள்ள வீட்டிலிருந்து வந்தவரல்ல அவர்.

இரண்டு ஆண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, அரசு உதவித்தொகையில் கல்லூரி படித்தவர். அந்தக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கத் தலைவராக இருந்தபோது ஷெர்லி சிசோமைச் சந்தித்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் சிசோம். அதுவரை வாக்காளராகக்கூடப் பதிவு செய்திராத லீயிடம், முதலில் போய் அதைச் செய் என்று அவர் சொன்னார். 1972இல் சிசோம் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியபோது லீ அவருக்காக வேலை செய்தார். 1975இல் பெர்க்லியில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். சமூகப்பணித் துறையில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

இங்கே சிசோமைத் தாண்டிப் போய்விடக் கூடாது. 1969 மார்ச்சில், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, சபையில் தன் முதல் உரையிலேயே அவர் ஒரு பொருத்தத்தைச் சுட்டிக்காட்டினார். ஏவுகணைகளைத் தடுக்கும் புதிய பாதுகாப்பு அமைப்பு இல்லாமல் நாட்டுக்குப் பாதுகாப்பில்லை என்று அதிபர் நிக்சன் அறிவித்த அதே நாளில், தலைநகரில் ஏழைக் குழந்தைகளுக்கான முன்பருவக் கல்வித் திட்டம் பணமில்லை என்று சொல்லிக் குறைக்கப்பட்டிருந்தது. இந்த முன்னுரிமை தலைகீழாக மாறும்வரை, ராணுவத்துக்குப் பணம் ஒதுக்கும் எந்த மசோதாவுக்கும் ஆதரவாக வாக்களிக்கப் போவதில்லை என்று சிசோம் அறிவித்தார். வெளிநாட்டுப் போரையும் சேரியின் பால்வாடியையும் ஒரே பட்ஜெட்டின் இரண்டு பக்கங்களாக வைத்துப் படித்தவர் அவர்.

லீயின் அடுத்த ஆசான் ரான் டெல்லம்ஸ். ஓக்லாந்தின் கறுப்பினப் பிரதிநிதி. 1971இல் நாடாளுமன்றத்துக்கு வந்ததுமே வியட்நாமில் நடந்த போர்க் குற்றங்கள் குறித்துத் தானே விசாரணைக் கூட்டங்கள் நடத்தியவர். பிறகு 1993இல் சபையின் ராணுவக் குழுவுக்கே தலைவரானார். ராணுவச் செலவை எதிர்த்தவர் ராணுவ பட்ஜெட்டை வரிவரியாகப் படித்தவராகவும் இருந்தார். அவருடைய அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்து, 1998இல் அவர் பதவி விலகியபோது அந்தத் தொகுதியில் வென்றவர்தான் லீ.

முதல் கேள்வி: இந்த அதிகாரத்துக்கு எல்லை எங்கே?

2001 தீர்மானத்தின் மையப் பகுதி ஆங்கிலத்தில் 60 சொற்கள்தான். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. எத்தனை நாளைக்கு என்பதும் இல்லை. போர் எப்போது முடிந்ததாகக் கருதப்படும் என்பதும் இல்லை. கையெழுத்து மட்டும் போட்டுத் தொகை எழுதாமல் கொடுத்த காசோலை அது. லீ எதிர்த்ததும் இதைத்தான். தாக்குதல் நடத்தியவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவருடைய அலுவலகத் தலைமைச் செயலரின் உறவினர் ஒருவரே பென்சில்வேனியாவில் விழுந்த விமானத்தில் இறந்திருந்தார். துக்கத்தில் இருக்கும்போது அவசரப்பட வேண்டாம், ஒரு நிமிடம் நின்று யோசிப்போம் என்பதுதான் அந்தச் சிறு உரையில் அவர் வைத்த வேண்டுகோள்.

தன் உரையில் லீ வெய்ன் மோர்ஸ் என்ற செனட்டரை நினைவுபடுத்தினார். 1964 ஆகஸ்ட்டில் டோன்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இருவரில் ஒருவர் மோர்ஸ், இன்னொருவர் எர்னஸ்ட் குரூனிங். அந்தத் தீர்மானத்தை வைத்துக்கொண்டுதான் வியட்நாமில் லட்சக்கணக்கில் படை குவிக்கப்பட்டது. 1968இல் இருவரும் தங்கள் இடங்களை இழந்தார்கள். 1971 ஜனவரியில் அந்தத் தீர்மானம் ரத்து செய்யப்பட்டது. முன்பு நடந்ததை நினைவில் வைத்திருந்ததால்தான் 37 ஆண்டு கழித்து லீயால் அந்தத் தீர்மானத்தை வேறு கண்ணோடு படிக்க முடிந்தது.

அந்த வாக்குக்குப் பிறகு கொலை மிரட்டல்கள் குவிந்தன. துரோகி என்றார்கள். போலீஸ் பாதுகாப்போடு நடமாட வேண்டியிருந்தது. ஆனால் 2002 தேர்தலில் அவருடைய தொகுதி மக்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல் வாக்களித்து அவரைத் திரும்ப அனுப்பினார்கள்.

அவர் அஞ்சியதுதான் நடந்தது. 2016இல் நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு கணக்கெடுத்தபோது, அந்த 60 சொற்கள் 14 நாடுகளில் நடந்த நடவடிக்கைகளுக்காக 37 முறை காரணம் காட்டப்பட்டிருந்தன. ஆப்கானிஸ்தான் மட்டுமல்ல, பிலிப்பைன்ஸ், ஏமன், சோமாலியா, லிபியா வரை. 2001இல் அந்தப் பெயரில் இல்லாதிருந்த ஐஎஸ் அமைப்புக்கு எதிராகவும் அதே தீர்மானம்தான் நீட்டப்பட்டது. அதை ரத்து செய்யக் கோரி லீ மீண்டும் மீண்டும் திருத்தம் கொண்டுவந்தார். 2017 ஜூனில் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி இரண்டின் ஆதரவோடும் அது ஏற்கப்பட்டு, குழு அறையில் கைதட்டல்கூட எழுந்தது. சில வாரங்களில் சபைத் தலைமை அதை மசோதாவிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிட்டது.

இரண்டாம் கேள்வி: எத்தனை பேர், எவ்வளவு பணம்?

ஈராக் போருக்கான தீர்மானம் 2002 அக்டோபரில் வந்தது. போருக்குப் பதிலாக ஐநா வழியாக ஆயுதச் சோதனையைத் தொடர வேண்டும் என்று லீ ஒரு மாற்றுத் திருத்தம் வைத்தார். 72 பேர் ஆதரித்தார்கள், 355 பேர் எதிர்த்தார்கள். திருத்தம் தோற்றது. பின் மூலத் தீர்மானம் 296-க்கு 133 என்று நிறைவேறியது. ஓராண்டுக்கு முன் ஒருவர், இப்போது 133 பேர். கறுப்பின உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்த முறை எதிர்த்தே வாக்களித்தார்கள்.

போர் தொடங்கும் முன் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம். 2003 பிப்ரவரி 25 அன்று செனட் ராணுவக் குழுவில், ஈராக்கைப் பிடித்த பிறகு அங்கே எத்தனை படைவீரர்கள் இருக்க வேண்டியிருக்கும் என்று செனட்டர் கார்ல் லெவின் கேட்டார். தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி, பல லட்சம் பேர் தேவைப்படலாம் என்றார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் பால் வுல்ஃபோவிட்ஸ் அந்த மதிப்பீடு கொஞ்சமும் பொருந்தாதது என்று தள்ளிவிட்டார். ஒரு மாதம் கழித்து அதே வுல்ஃபோவிட்ஸ், ஈராக்கின் எண்ணெய் வருமானம் இரண்டு மூன்று ஆண்டுகளில் 5,000 கோடி முதல் 10,000 கோடி டாலர் வரை வரும், அந்த நாடு தன் மறுசீரமைப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றார். 2003 ஏப்ரலில் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, மறுசீரமைப்புக்கு அமெரிக்க மக்களின் வரிப்பணம் மொத்தமே 170 கோடி டாலர்தான் போகும் என்றார்.

கடைசியில் போனது எவ்வளவு? ஈராக் மறுசீரமைப்புக்கான சிறப்புத் தணிக்கையாளர் 2013இல் கொடுத்த இறுதிக் கணக்குப்படி சுமார் 6,000 கோடி டாலர். அதில் குறைந்தது 800 கோடி டாலர் வீணானது என்பது அவருடைய மதிப்பீடு. இது மறுசீரமைப்புக்கான பணம் மட்டும், போர்ச் செலவு தனி.

மூன்றாம் கேள்வி: கான்ட்ராக்ட் யாருக்கு?

போர் தொடங்குவதற்கு முன்பே, ஈராக்கின் எண்ணெய் வயல்களைச் சீரமைக்கும் ஒப்பந்தம் கேபிஆர் நிறுவனத்துக்குப் பேசி முடிக்கப்பட்டது. கேபிஆர் அப்போது ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனம். 1995 முதல் 2000 வரை ஹாலிபர்ட்டனின் தலைமைப் பொறுப்பில் இருந்த டிக் செனி அப்போது துணை அதிபர். ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 700 கோடி டாலர். டெண்டர் கிடையாது. எண்ணெய் வயல்களில் என்ன வேலை தேவைப்படும் என்று முன்கூட்டியே திட்டம் எழுதிக் கொடுத்ததும் கேபிஆர்தான். எஸ்டிமேட் போட்டவருக்கே வேலை போவது நம் ஊராட்சிகளில் எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை உள்ளிருந்தே எதிர்த்தவர் பன்னட்டீன் கிரீன்ஹவுஸ். ராணுவப் பொறியாளர் பிரிவில் ஒப்பந்தங்களுக்கான மிக உயர்ந்த சிவில் அதிகாரி. லூசியானாவின் சிற்றூரில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். போட்டியில்லாமல் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் கொடுப்பது தவறு, அவசரம் என்றால் ஓராண்டுக்குக் கொடுங்கள் என்று அவர் வாதாடினார். கேட்கவில்லை. கோப்பு கையெழுத்துக்கு வந்தபோது, தன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஆட்சேபத்தைப் பேனாவால் எழுதி வைத்தார். 2005 ஜூனில் செனட்டின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டிய விசாரணையில் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார். இரண்டு மாதத்தில் பதவி இறக்கப்பட்டார். அவர் தொடர்ந்த வழக்கு 2011இல் 9 லட்சத்து 70 ஆயிரம் டாலர் இழப்பீட்டோடு முடிந்தது.

கோப்பில் ஆட்சேபம் எழுதும் ஒடுக்கப்பட்ட சமூகத்து அதிகாரிக்கு என்ன நடக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கையெழுத்துக் குறிப்பு இல்லையென்றால், அந்த ஒப்பந்தத்தின் வரலாறு இன்று இந்த அளவுக்கு வெளியில் வந்திருக்காது.

சபைக்குள் இதே கேள்வியை விடாமல் பிடித்தவர் ஹென்றி வாக்ஸ்மன் என்ற கலிபோர்னியப் பிரதிநிதி. 2003 மார்ச் முதல் ராணுவப் பொறியாளர் பிரிவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்ரோலுக்கு கேபிஆர் போட்ட விலையைக் கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் பாதுகாப்புத் துறையின் தணிக்கையாளர்களே சுமார் 6 கோடியே 10 லட்சம் டாலர் கூடுதலாக வாங்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். 2007 பிப்ரவரியில் வாக்ஸ்மன் குழுத் தலைவராகி நடத்திய விசாரணையில் இன்னொரு கணக்கு வெளியானது. கிட்டத்தட்ட 1,200 கோடி டாலர் ரொக்கமாக, நோட்டுக் கட்டுகளாக, ராணுவ விமானங்களில் பாக்தாத்துக்குப் போயிருந்தது. எடை 363 டன். அந்தப் பணத்தில் பெரும்பகுதி எண்ணெய் விற்றதில் வந்தது, அதாவது ஈராக் மக்களுக்குச் சொந்தமானது. அதிலிருந்து ஈராக் அமைச்சகங்களுக்குப் போன 880 கோடி டாலர் எப்படிச் செலவானது என்பதற்கு முறையான கணக்கு இல்லை என்று 2005 ஜனவரியிலேயே தணிக்கை சொல்லியிருந்தது.

மறுசீரமைப்பு என்று சொல்லிக் கட்டியவற்றில் இரண்டைப் பாருங்கள். கான் பானி சாத் என்ற இடத்தில் ஒரு சிறைச்சாலை. சுமார் 4 கோடி டாலர் செலவழித்த பிறகு அரைகுறையாகக் கைவிடப்பட்டது. பாஸ்ராவில் குழந்தைகள் மருத்துவமனை. 5 கோடி டாலரில் முடியும் என்றது 16 கோடியைத் தாண்டியது, பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2010இல்தான் திறந்தார்கள்.

சட்டங்களையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் 2003இல் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார், லட்சக்கணக்கானோர் ஒரே உத்தரவில் வேலையிழந்தார்கள். எண்ணெய் போன்ற இயற்கை வளங்கள் நீங்கலாக, ஈராக் நிறுவனங்களை நூறு விழுக்காடும் வெளிநாட்டவர் வாங்கலாம் என்று ஆணை போட்டார். சதாமின் எத்தனையோ சட்டங்கள் தூக்கி எறியப்பட்டன. பொதுத்துறையில் தொழிற்சங்கம் கூடாது என்ற சதாமின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டது. விடுதலை செய்ய வந்தவர்களுக்குச் சர்வாதிகாரியின் இந்த ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது?

அந்த ஒப்பந்தச் சங்கிலியின் அடியில் யார் இருந்தார்கள்? அமெரிக்க முகாம்களில் சோறு ஆக்கியது, கக்கூஸ் கழுவியது, துணி வெளுத்தது பெரும்பாலும் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து போன ஏழைகள். அவர்களுக்கு அங்கே "மூன்றாம் நாட்டவர்" என்று பெயர். பெரிய நிறுவனத்துக்கு கான்ட்ராக்ட், அதற்குக் கீழே சப்-கான்ட்ராக்ட், அதற்கும் கீழே ஆள்பிடிக்கும் ஏஜெண்டு. 2004இல் கேரளத் தொழிலாளர்கள் சிலர் ஊர் திரும்பி, தங்களை முகாம் சமையலறையில் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள் என்று சொன்னது செய்தியானது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 12 நேபாளத் தொழிலாளர்கள் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலரிடம் ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அமெரிக்க வீரர்களின் சாவுக் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள்.

ஆப்கானிஸ்தானின் கணக்கு 2021 ஆகஸ்ட்டில் முடிந்தது. அதற்கான சிறப்புத் தணிக்கையாளரின் அறிக்கைப்படி மறுசீரமைப்புக்கு 14,500 கோடி டாலர், போருக்கு 83,700 கோடி டாலர். இறந்தவர்கள்: அமெரிக்க வீரர்கள் 2,443 பேர், ஆப்கன் படையினர் குறைந்தது 66,000 பேர், ஆப்கன் பொதுமக்கள் குறைந்தது 48,000 பேர். தொடங்கிய இடத்துக்கே தாலிபான் திரும்பி வந்தது. அந்த வாரங்களில்தான் பத்திரிகைகள் லீயைத் தேடிப் போய், நீங்கள் அன்று சொன்னது சரிதானோ என்று கேட்டன.

பிறப்பு மட்டும் போதுமா?

"ஒடுக்கப்பட்டவர் என்பதால் லீக்கு உண்மை தெரிந்தது" என்று எளிதாக முடித்துவிட ஆசையாக இருக்கிறது. அது தவறு. ஈராக் போருக்காக ஐநாவில் 2003 பிப்ரவரி 5 அன்று வாதாடிய வெளியுறவுச் செயலர் காலின் பாவெல் கறுப்பினத்தவர். பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ் கறுப்பினப் பெண். 2001இல் லீயைத் தவிர வேறு எந்தக் கறுப்பின உறுப்பினரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. பிறப்பு அவருக்கு ஓர் அனுபவத்தைக் கொடுத்தது. அதைக் கேள்வியாக மாற்றியது சிசோம், டெல்லம்ஸ் என்று வந்த அரசியல் மரபும், பட்ஜெட்டைப் படிக்கும் பயிற்சியும், தோள் கொடுத்த தொகுதி மக்களும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில், நம்மவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் நாற்காலி பேசுவதைத்தான் அவர் பேசுவார்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

1951இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது அண்ணல் அம்பேத்கர் சொன்ன காரணங்களில் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அதே அறிக்கையில் வெளியுறவுக் கொள்கையும் ஒரு காரணம். ஆண்டுக்கு நாம் திரட்டும் 350 கோடி ரூபாய் வருவாயில் ஏறக்குறைய 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது, இது வெளியுறவுக் கொள்கையின் நேரடி விளைவு என்று அவர் கணக்கு வைத்தார். பட்டியல் சாதியினரைப் புறக்கணித்த அரசைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் ராணுவச் செலவையும் பேசினார். அறிக்கையின் நகலை முன்கூட்டியே தர வேண்டும் என்று துணை சபாநாயகர் நிபந்தனை போட்டதால், அவையில் படிக்காமலே வெளியேறி அதைப் பத்திரிகைகளிடம் கொடுத்தார். சிசோம் பேசுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. வெளியுறவு நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்ற பழக்கம் அம்பேத்கரிடமிருந்து நமக்கு வந்ததல்ல.

அமெரிக்காவில் குறைந்தபட்சம் வாக்கெடுப்பாவது நடந்தது. படையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று நம் அரசமைப்புச் சட்டத்தில் விதி இல்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது, மறுநாளே இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பும்போது ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டது உட்பட, ஈழத் தமிழ் மக்கள் பட்ட பாடு தனி வரலாறு. முதலில் ஒரு வாக்கெடுப்பு நடந்திருந்தால் ஒரு மோர்ஸாவது ஒரு லீயாவது பதிவில் இருந்திருப்பார்.

மாறாக, 2003இல் ஈராக்குக்கு இந்தியப் படையை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டபோது வேறு மாதிரி நடந்தது. அந்த ஏப்ரலிலேயே போரைக் கண்டித்து நாடாளுமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. ஐநா ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு மறுத்தது. அவையில் பதிவாகும் சொல் அரசின் கையைக் கொஞ்சமாவது பிடிக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

மறுசீரமைப்புக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு? இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின் இந்திய அரசு பல்லாயிரம் வீடுகள் கட்ட நிதி கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பயனாளியே வீட்டைக் கட்டிக்கொள்ளும் திட்டத்தில் கட்டுவதற்கு முதலில் நிலம் வேண்டும். யாழ்ப்பாணத்தின் அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கடைசிவரை தங்கியிருந்தவர்களில் பெரும்பகுதி நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை அங்கே களத்தில் வேலை செய்த ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் படகு இழந்தவருக்கு நிவாரணம் வந்தது. படகில்லாமல் மீன் சுமந்தும் உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை செய்தும் பிழைத்த தலித் குடும்பங்கள் பட்டியலுக்குள் வரவே போராட வேண்டியிருந்தது. போரோ கடலோ, அழிவுக்குப் பின் வரும் பணம் சொத்து இருந்தவரின் கதவைத்தான் முதலில் தட்டுகிறது. இழந்ததை ஈடு செய்வோம் என்று மட்டும் திட்டம் போட்டால், இழக்கவே எதுவும் இல்லாதிருந்தவர் விடுபட்டுப் போவார்.

நம் பிரதிநிதிகளும் நாமும்

மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 தனித்தொகுதிகள், தமிழ்நாட்டில் 7. இவர்களில் ஒருவர் பார்பரா லீயைப் போல வாக்களிக்க முடியுமா? கட்சி கொறடா உத்தரவை மீறினால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே போகலாம். பொதுத்தொகுதி உறுப்பினருக்கும் இதே விதிதான். ஆனால் தனித்தொகுதிப் பிரதிநிதி தன் மக்களுக்காகக் கட்சியை எதிர்க்க வேண்டி வரும் தருணங்கள் அதிகம். பூனா ஒப்பந்தத்தோடு தொடங்கிய சிக்கலின் மேல் இந்தச் சட்டம் இன்னொரு பூட்டு.

கேள்விக்குக் கொறடா கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 வாய்மொழிக் கேள்விகளும் 230 எழுத்துக் கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தேசப் பாதுகாப்பு என்று சொல்லிச் சிலவற்றைத் தள்ளுவார்கள். பணம் பற்றிய கேள்விகளை அப்படி எளிதில் தள்ள முடியாது. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லி அரசு பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டத்திலிருந்து 700 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்தது எப்படி வெளியே வந்தது? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டதால். பிறகு அது நாடாளுமன்றத்தில் கேள்வியானது, திருப்பித் தருவதாக அரசு சொல்ல வேண்டி வந்தது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலைத்திட்டம் சொல்கிறோம். உங்கள் தொகுதி உறுப்பினர் கடந்த கூட்டத்தொடரில் என்ன கேட்டார் என்று மக்களவை இணையதளத்தில் பாருங்கள், பெயர் போட்டாலே வரும். வெளிநாடுகளுக்கு நாம் கொடுக்கும் வளர்ச்சி உதவி, மறுவாழ்வுத் திட்டங்கள், ராணுவக் கொள்முதல், வெளிநாட்டு வேலைக்குப் போய் இறந்தவர்களின் எண்ணிக்கை இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு வரியில் ஒரு கேள்வி எழுதுங்கள். திட்டத்தின் பெயர், ஆண்டு, தொகை, பயனாளிகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், ஒப்பந்தம் எந்த முறையில் கொடுக்கப்பட்டது. எழுதி உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் பதில் பதிவாகும். கேட்காவிட்டால், கேட்கவில்லை என்பது நம் கையிலுள்ள நகலில் இருக்கும். அடுத்த தேர்தலில் வாக்கு கேட்டு வரும்போது அதை எடுத்துக் காட்டலாம்.

பார்பரா லீ 2025இல் ஓக்லாந்து மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2001இல் அவர் எதிர்த்த தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை.